செருப்பை வாசலில் வைக்கும் இயந்திரம்

மார்ச் 3
எங்கள் குழு செய்த இயந்திரம் இன்றைக்கும் சொன்ன பேச்சைக் கேட்டது. தரையைப் பெருக்குகிறது, வழியில் செருப்பு கிடந்தால் சின்னக் கையை நீட்டி எடுத்துப் போய் வாசலில் வைக்கிறது. எங்களுக்குப் போட்டியான அமெரிக்கக்காரர்களின் இயந்திரத்துக்குக் கை கிடையாது. மெல்பர்னில் ஊரெல்லாம் கடை வைத்திருக்கும் டங்கன் வியாழக்கிழமை சீனாவுக்கு, எங்கள் ஷென்ஜென் ஊருக்கு வருகிறார். இரண்டில் ஒன்றைத்தான் வாங்குவார். எங்களுடையது இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவதாக முதலாளி ச்சியூ மேடம் சொல்லிவிட்டார். நான் ரைஸ் குக்கர் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். நானா, குக்கருக்கா?

மார்ச் 5
சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸில் எல்லோரையும்போல் மேசையடியில் மடக்குக் கட்டிலை விரித்ததுதான் மிச்சம். மதியத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 6
மானம் போச்சு.

இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க ஆபீஸுக்குள் கட்டியிருக்கும் மாதிரி வீட்டு வாசலில் டங்கன் ஷூவைக் கழற்றக் குனிந்தார். விருந்தாளியாச்சே, மேடம் விடுவாரா? "வேணாம் வேணாம், அப்படியே வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டார். நாங்கள் யாரும் வீட்டுக்குள் ஷூவோடு நடந்ததில்லை. இயந்திரத்துக்கும் அப்படி ஒரு மனிதரைக் காட்டியதில்லை. அது நேரே போய் அவர் ஷூவைக் கவ்வி வாசலுக்கு இழுத்தது. காலோடு. மனுஷர் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய் சோபாவில் விழுந்தார்.

"உள்ள கால் இருக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று என் காதருகே முனகினார், கூட வேலை செய்யும் பாங் அண்ணன். டங்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தாரே தவிர, வாங்குகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 7
"கையை எடுத்துடு" என்றார் மேடம்.

"எடுத்தா அவங்களோடது மாதிரியே ஆயிடும். அப்புறம் நம்மளோடத யார் வாங்குவா?"

"காலைப் பிடிச்சு இழுக்கறத மட்டும் வாங்குவாங்களாக்கும்?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

மார்ச் 11
இயந்திரம் பார்த்துப் பழகட்டும் என்று மாதிரி வீட்டுக்குள் எல்லோரும் ஷூவோடு நடக்கிறோம் — என்னமோ தப்புச் செய்வதுபோல் கால் கூசுகிறது. பாங் அண்ணன் பழக்க தோஷத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறார். "அண்ணே, போய் மாட்டிக்கிட்டு வாங்க" என்று விரட்டியே தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 14
ஷூவுக்குள் கால் இருந்தால் இயந்திரம் இப்போது எதிரே நின்று காத்திருக்கிறது. கழற்றினால் எடுத்துப் போகிறது. படம் பிடித்து டங்கனுக்கு அனுப்பினோம்.

மார்ச் 25
பதில் இல்லை. குக்கர் பிரிவில் எனக்கு மேசைகூடப் பார்த்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 2
எங்களுடையதுதான்! அத்தனை கடைகளுக்கும்!

டங்கன் அந்தப் படத்தை வீட்டில் காட்டினாராம். "நான் சொன்னா எங்க கழட்டறீங்க? இது வந்து முன்னாடி நின்னா கழட்டித்தானே ஆகணும். இதையே வாங்குங்க" என்றாராம் மனைவி. சாயங்காலம் குழு முழுக்க, கொதிக்கும் காரக் குழம்பில் முக்கிச் சாப்பிடும் ஹாட்பாட் சாப்பிடப் போனோம். நான் அழுதுவிட்டேன். மிளகாய்க் காரம் என்று சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

செப்டம்பர் 9
அமெரிக்கக்காரர்களின் புது இயந்திரம் வெளிவந்தது. கை வைத்திருக்கிறார்கள். செருப்பை எடுத்து வாசலில் வைக்கிறது.

ச்சியூ மேடம் அறை அறையாகப் போய், "பாத்தீங்களா, நம்மளப் பாத்துக் காப்பி அடிச்சிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் சீனாக்காரர்கள் காப்பி அடிக்கிறார்கள் என்று எங்களைத்தான் சொல்வார்கள்.

வழக்குப் போடலாமா என்று பாங் அண்ணன் கேட்டார்.

"போடலாம், போடலாம்" என்றார் மேடம். "இன்னிக்கு ஒரு நாள் சந்தோஷமா இருந்துக்கறேன், விடு."