இருபத்து நான்காம் தேதி வரை ஒரு சொல்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்றாவதாக எப்போதும் எழுதுகிற வரியை இந்த முறை என்னால் எழுத முடியவில்லை. அப்பா சுகமாக இல்லை. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், போனில் சொல்லலாம் என்றால் எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும், அவரோ பக்கத்து அறையில் இருப்பார், அதனால்தான் அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், திருத்தி முடித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தொண்டையில் கட்டி. வெறும் இருமல் என்று ஆறு மாதம் என்னை ஏமாற்றினார். குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி காலையில் ஆபரேஷன். பிறகு ஏதோ கருவி வைத்துப் பேசப் பழக்குவார்களாம், ஆனால் இந்தக் குரல் இருக்காது. ஆலை கேட்டில் நின்று கோஷம் போட்டால் பஸ் நிறுத்தம் வரை கேட்ட குரல், உனக்குத் தெரியாததா.

நீங்கள் இருவரும் பேசாமல் எட்டு மாதம் ஆகிறது. அன்று ஸ்பீக்கர் போட்ட போனில் நீ, "நான் லிபரல்ப்பா, அவங்கவங்க வாழ்க்கையை அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்" என்றாய். லிபரல்னா என்ன என்று அவர் கேட்டதற்கு, தாராளவாதி என்று நீயே தமிழும் சொன்னாய். அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது. "கேட்டைப் பூட்டுனவன் பேரை என் பொண்ணு மாட்டிக்கிட்டாளா" என்று கத்தினார். நீயும் விடவில்லை, "உங்களுக்கு இதெல்லாம் புரியாது, விடுங்க" என்றாய். ஏன் கத்தினார் என்று உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது மூன்று வயதுக் குழந்தை. ஆலையை மூடியபோது கேட்டில் ஒட்டிய நோட்டீசின் முதல் வரியே "தாராளமயக் கொள்கையின்படி" என்றுதான் ஆரம்பித்தது. பதினெட்டு வருடம் லேத் ஓட்டிய மனிதர் அதைக் கேட்டில் நின்று நாலு தரம் படித்துவிட்டு வந்து, "தாராளமா வெளியே போன்னு எழுதியிருக்கான்" என்று சிரித்தார். அதோடு அந்தச் சொல்லை அவர் வாயில் எடுக்கவே இல்லை. அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டாலும், உள்ளே வரலாமா, எடுத்துக்கவா என்றாலும், "தாராளமா" என்பதுதான் அவர் பதில்.

இதில் என் தப்புதான் பெரிது. எங்கள் அச்சகத்தில் அச்சாகும் அரசியல் பாடப்புத்தகத்தை மூன்று பதிப்பாக மெய்ப்புப் பார்த்தவள் நான். முதல் பதிப்பில் தாராளவாதி என்றால் அரசனின் கையைக் கட்டச் சொன்னவன். அடுத்ததில் வியாபாரத்தில் அரசாங்கம் கை வைக்காதே என்கிறவன். இப்போது என் மேசையில் இருப்பதில், எளியவன் உரிமையைச் சட்டம் போட்டுக் காப்பாற்று என்கிறவன். டிவியில் சண்டை போடுகிறவர்களுக்கோ அது வெறும் வசவு. ஆள் மாறி மாறி உட்காரும் நாற்காலி மாதிரி இருக்கிறது அந்தச் சொல். நீ ஒருவரைச் சொன்னாய், அப்பாவுக்கு வேறொருவர் தெரிந்தார். அன்று நான் அதே அறையில்தான் இருந்தேன். இரண்டு அர்த்தமும் தெரியும், எங்கள் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள், நாலு வார்த்தையில் விளக்கியிருக்கலாம். நாக்கு எழவில்லை. எழுத்துப்பிழை மட்டும் பார்த்தே பழகிவிட்டேன் போலிருக்கிறது.

போன வாரம் ஆஸ்பத்திரியில், பேசப் பழக்கும் பெண் பின்னால் மெஷினில் அழுத்தினால் அவர் குரலே வரும்படி பதிவு செய்து வைக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தாள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, விளக்கை அணை, எல்லாவற்றையும் கோஷம் போலவே படித்தார், அந்தப் பெண் சிரித்துவிட்டு, "ஐயா, தண்ணிதானே கேக்குறீங்க, போராட்டமா பண்றீங்க" என்றாள். கடைசி வரி காலியாக இருந்தது, வேண்டியவர்களைக் கூப்பிடும் பெயரைச் சொல்லச் சொன்னாள். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில், "நேர்ல கூப்பிட முடியாத பேரை மெஷின்ல வச்சு என்ன பண்ண" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவராகக் கூப்பிட மாட்டார், அந்தப் பிடிவாதம் உனக்கும் இருக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று நினைத்துக்கொள். இன்று எட்டாம் தேதி, இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகுமாம், அப்புறம் மிச்சம் ஐந்தாறு நாள்தான். யார் சொன்னது சரி என்பதை நீங்கள் அப்புறம் எழுதியே சண்டை போட்டுக்கொள்ளுங்கள், நான் பிழை திருத்தித் தருகிறேன். இப்போது அந்தச் சொல்லையே எடுக்காதே. "பேசலாமாப்பா" என்று மட்டும் கேள். பரிசோதனை முடிவைச் சொல்லுமுன் டாக்டர், "ஒளிக்காம சொல்லலாமா" என்று கேட்டபோது, இத்தனை வருடம் கழித்து அப்பா வாயில் அது தானாக வந்தது. "தாராளமா" என்றார். உனக்கும் அதையே சொல்வார், அவர் குரலிலேயே நீ கேட்டுக்கொள்.

நோய் நொடியில்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். இங்கே காலை எட்டு மணி ஆவதற்குள் கூப்பிடு, மறந்துவிடாதே, அதற்கு மேல் அவருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

வாய் திறக்கத் தெரியாத
உன் அம்மா