முகத்தில் பூசிய கரி

பாரிஸ், தை 1987

அன்பு மனைவிக்கு,

நீ சொன்னபடி இங்கே தமிழ்க்கடைகள் இருக்கிற லாச்சப்பலில், மூத்தவளுக்குப் பேசின மாப்பிள்ளையைப் பார்த்தேன். பெயர் டெஸ்மன். நல்ல வேலை, நல்ல உடுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் பிலிப்பைன்ஸ் பெண்கள் பாலன் யேசுவின் திருநாள் கொண்டாடினார்கள். இருவரும் போனோம்.

எல்லோரும் முகத்தில் கரி பூசி ஆடினார்கள். கரித்தட்டோடு வந்த ஒருத்தி காரணம் சொன்னாள். கொடிய அரசனுக்குப் பயந்து படகில் ஓடிவந்த தங்கள் முன்னோருக்கு, அந்தத் தீவின் கறுத்த பூர்வீக மக்கள் நிலம் கொடுத்தார்களாம். பிறகொரு பஞ்சத்தில் அந்த மக்கள் மலையிலிருந்து பசியோடு இறங்கி வந்தபோது, வந்தேறியவர்கள் சோறு போட்டு, அவர்களைப்போலவே தெரியவேண்டுமென்று கரி பூசிக்கொண்டு கூட ஆடினார்களாம். நான் சந்தோஷமாகக் கன்னத்தைக் காட்டினேன்.

டெஸ்மன் தன் முகத்துக்கு வந்த அவள் கையைத் தட்டிவிட்டான்.

"கறுப்பாகிறதுக்கும் ஒரு திருநாளோ, மாமா?" என்று சிரித்தான். பிறகு என் பக்கம் குனிந்து, "மகள் போட்டோவிலை இருக்கிற நிறந்தானே? ஸ்ரூடியோக்காரன் வெளுப்பாக்கேல்லையே?" என்றான்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வெளுப்பாக்கினவன்தான், தம்பி. அவள் என்ரை நிறம்."

அவன் சற்று யோசித்தான். "அப்ப இளையவ, மாமியின்ரை நிறமோ?"

அவனிடமிருந்து போட்டோவைத் திருப்பி வாங்கிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. மூத்தவள் கேட்டால், மாப்பிள்ளையை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்.

உன் கணவன்