ஓவர்சியருக்கு முள்முருங்கை

இன்று காலை, திருப்பத்தூரில் நான் குடியிருக்கும் தெருவில், வேலியோரத்து முள்முருங்கையைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கிளைகள் ரோட்டில் கிடந்தன. சைக்கிள் சக்கரம் இலைமேல் ஏறியதும் அந்தப் பச்சை வாசனை வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் இறங்கிவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உருக்கமாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மலைக்குப் போன புதிதில் நம் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. நான் டிப்ளமா முடித்த கையோடு, ஊர் ஊராய்ப் போய்க் கைப்பம்புகளைச் சரிசெய்யும் வேலைக்கு வந்தவன். நீ மாட்டு ஆஸ்பத்திரியில் கால்நடை ஆய்வாளர், கண்ணமங்கலத்துக்காரன். இருவருக்கும் சேர்த்து ஒரே அறைதான் கிடைத்தது. என் வேலை எளிது. பம்பைக் கழற்று, வாஷரை மாற்று, அடுத்த ஊருக்குப் போ. நீயோ ஒரு பசுவுக்கு ஊசி போடப் போனால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு வரை கேட்டுவிட்டுத்தான் திரும்புவாய். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். நான் கத்துவேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாய்யா அவசரம்? மலைக்கு ரயிலா வருது, வுட்டுட்டுப் போய்டறதுக்கு?" என்பாய். அந்தப் பதிலுக்கு உன்மேல் எதையாவது எறியலாம் போலிருக்கும்.

அப்போதுதான் முயல் வந்தது. கன்று ஈன முடியாமல் கிடந்த ஒரு பசுவை நீ காப்பாற்றினாய். அந்தப் பசுவின் சொந்தக்காரர், மேலே சாமை விதைக்கும் அந்த ஒல்லி மனிதர், செங்கம் சந்தையில் ஒரு வெள்ளை முயலை வாங்கிக் கூடையோடு நம் வாசலில் வைத்தார். "கொழம்பு வச்சி சாப்புடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போது அறுப்பது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றாய். ஞாயிறு வந்தது. இன்னும் கொஞ்சம் சதை வைக்கட்டும் என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. அறுப்பதென்றால் அறு, இல்லையென்றால் பேர் வை என்றேன். நீ அன்றைக்கே பேர் வைத்துவிட்டாய். ஓவர்சியர்.

"ஒரு வேலையும் செய்யாம, மூக்க மட்டும் ஆட்டிக்கினு, எல்லாத்தையும் பாத்துக்கினு கீது. வேற இன்னா பேர் வெக்கிறது?"

எங்கள் ஆபீஸ் ஓவர்சியரை நினைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில்தான் நமக்குள் சிநேகம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

மிச்சமிருந்த கம்பி வலையில் நான் ஒரு கூண்டு செய்தேன். கச்சிதமான கூண்டு, கதவுக்கு ஸ்பிரிங் தாழ்ப்பாள். நீ அதை ஒருநாள்கூட மூடவில்லை. ஓவர்சியர் என் டூல்ஸ் பையின்மேல்தான் படுத்தது. கிரீஸ் நாற்றம் அதற்குப் பிடித்திருந்தது போலும். சாயங்காலம் நான் வந்து பையைக் கீழே வைத்ததும், தாடையைப் பைமேல் தேய்த்துவிட்டுப் பின்கால்களை நீட்டிச் சாய்ந்துகொள்ளும். நான் குரலை உயர்த்தினால் பின்காலால் தரையைத் தட்டும். என்னை அதட்ட மலையில் இருந்த ஒரே அதிகாரி அதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாய்.

அந்த மழைக்காலத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அதற்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் இருக்கிற உயிருக்குப் பச்சை இலையைப் போடுவதா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சாமைச்சோறும் களியும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்த மலையில் அதுதான் வழக்கம். வீடு தின்பதை வீட்டில் இருக்கும் எல்லாரும் தின்ன வேண்டும். நீ உன் பங்குக்கு பிஸ்கட் போடுவாய். கொழுகொழு என்றிருந்தது. திடீரென்று தட்டுக்குப் போகும், முகரும், திரும்பி வந்துவிடும். தாடையெல்லாம் எச்சில். மூன்றாம் நாள் தூக்கினால் எடையே இல்லை.

நீ வயிற்றைத் தொட்டுப் பார்த்தாய், காதை வைத்துக் கேட்டாய், விளக்கெண்ணெய் புகட்டினாய். "மாடா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன்யா" என்றபோது உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொறுமை இழந்து நான்தான் அதன் வாயைத் திறந்தேன். பழுதென்றால் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கம். முன்பற்கள் கொக்கி மாதிரி வளைந்து வளர்ந்து, மேலண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தன. குழைந்த சோற்றைத் தின்று தின்று பல் தேயவே இல்லை. என் தொழிலில் ஒரு பாகம் தேய்ந்தால்தான் ரிப்பேர். தேயாததால் வந்த ரிப்பேரை அன்றுதான் பார்த்தேன்.

நீ அதை உன் காக்கிச் சட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாய். நான் கம்பி வெட்டும் கட்டரைச் சுடுதண்ணீரில் கழுவி எடுத்து வந்தேன். அதன் நெஞ்சு சட்டைக்குள் துடித்தது. நீ அதனிடம் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாய். பேசாமல் பிடி என்று எரிந்து விழுந்தேன்.

"அதுங்கிட்ட பேசல, உங்கிட்டதான் பேசறேன். கொஞ்சம் நில்லு" என்றாய்.

நின்றேன். மூச்சு விட்டேன். பிறகு ஒரே வெட்டு. மெல்லிய அரத்தால் விளிம்பைத் தேய்த்துவிட்டேன். நீ வெளியே போய் மழையில் நனைந்துகொண்டே ஒரு முள்முருங்கைக் கிளையை ஒடித்து வந்தாய். முதலில் முகர்ந்தது. அப்புறம் ஓரத்தைக் கடித்தது. இலை ஒரு பக்கமாக உள்ளே போகப் போக நாம் இரண்டு பேரும் தரையில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாறுதல் கேட்டு எழுத வேண்டும் என்று அந்த மழை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊரில் எனக்குப் பல்லு மெக்கானிக் என்று பேராகிவிட்டது. ஒரு பெரியவர் வந்து என் முன்னால் வாயைத் திறந்து காட்டினார். அரம் எடுத்துக் கொடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டவன் நீ.

அதற்கப்புறம் ஓவர்சியர் நம்மோடு இரண்டு பொங்கல் பார்த்தது.

இரண்டாவது பொங்கல் கழிந்து ஊரே வேட்டைக்குப் போகும் நாள் அது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் உள்ளேயே இருந்தோம். மேளம் அறையைத் தாண்டிப் போகும்போது நாய்களுக்கு வாடை கிடைத்துவிட்டது. கதவைப் பிறாண்டின, குரைத்தன. உடனே அதட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதுவும் அதைத் தொடவில்லை. ஆனால் பைக்குப் பின்னாலிருந்து அது வெளியே வரவில்லை. நீ எடுத்தாய், கால்கள் தொங்கின. கன்றுக்குட்டிக்கு வைப்பது போல நெஞ்சில் காதை வைத்தாய். "நின்னுடுச்சி" என்றாய்.

முயல்தானே, புதைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று கடப்பாறையை எடுத்தேன். முள்முருங்கை அடியில் வேகவேகமாகக் குத்தினேன். "மெதுவா வெட்டுய்யா. அதுக்கு இனிமே ஓட வேணாம்" என்றாய். மெதுவாக வெட்டினேன்.

வேட்டையில் கிடைத்ததை வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். வெளியூர்க்காரர்களான நமக்கும் ஒரு பங்கு வரும். அன்று வரவில்லை. பொழுது சாயும்போது, முயலைக் கொண்டுவந்த அதே மனிதர் மனைவியோடு வந்தார். கையில் களியும் அவரைக்காய்க் குழம்பும் இருந்தன.

"எழவு வூட்ல அடுப்பு எரியக் கூடாதுங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. "மொசலுக்காங்க?" என்று கேட்டேன்.

"உங்க வூட்ல இருந்தது, இல்லீங்களா?" என்றார். அவ்வளவுதான். குழம்பு வைக்கச் சொல்லி அதைக் கொடுத்தவரே அவர்தான்.

எனக்குப் பசியில்லை என்றேன். நீ தட்டை என் பக்கம் தள்ளினாய். "சாப்புடு. எடுத்துக்கினு வந்தவங்க பாத்துக்கினு இருக்காங்க." சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காரம் என்றேன். அவரைக்காய்க் குழம்பில் காரமே இல்லை. நீ தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாய்.

இருவரும் மலையை விட்டு இறங்கி ஆளுக்கொரு ஊரான பிறகு, சென்ற ஆண்டு உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று செய்தி வந்தது. நான் கண்ணமங்கலம் வந்து சேர்ந்தபோது உன் மூச்சு நின்றிருந்தது. அவசரக்காரன் என்று பேரெடுத்தவன் உன் விஷயத்தில் பிந்திவிட்டேன். நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது, மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்த, அன்று களி கொண்டுவந்த அதே புருஷனும் மனைவியும் உன் வாசலில் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். உன் தம்பி சோற்றைத் தொடமாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். யார் யாரோ கெஞ்சினார்கள். நான் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"சாப்புடு. எடுத்துக்கினு வந்தவங்க பாத்துக்கினு இருக்காங்க."

திரும்பி என்னைப் பார்த்தான். முகம் அப்படியே நீ. முதல் கவளத்தை எடுத்தான். நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தச் சொல்லை நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். இல்லாவிட்டால் அன்றைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது.

இன்று காலை ஒரு கிளையை ஒடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஆடு கயிறு நீள வந்து நின்றது. நீட்டினேன். ஒவ்வொரு இலையாக உருவித் தின்றது, அவசரமே இல்லாமல். இங்கே ரயில் வருகிறது, உனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு ஒன்று ஊதிக்கொண்டு வந்தது, நின்றது, கிளம்பியும் போனது. கிளை மொட்டையாகும் வரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.