மணல் மூட்டை கும்பிடாது

அண்ணே,

நேற்று ஓட்டுக் கேட்பதற்காக ஒரு தலைவர் தென்காசிக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். மைதானத்துப் புழுதி முழுவதும் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கூடவே அந்த எரிந்த மண்ணெண்ணெய் வாடையும் வந்தது. நீ லீவில் வந்து கித்தான் பையைத் திறந்தால் வீடெல்லாம் அடிக்குமே, அதே வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் சட்டையை விட்டுப் போகாது. வெளியே வந்து பார்த்தேன். தெருவே வானத்தைப் பார்த்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

கடற்படையில், விமானங்கள் ஏறி இறங்குகிற அந்தப் பெரிய கப்பலில் உனக்கு வேலை. ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் உங்கள் ஹெலிகாப்டர் பக்கத்தில் பறந்தபடி காத்து நிற்கும். விமானம் கடலில் விழுந்தால் உள்ளே இருப்பவனை நீங்கள் தூக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தபோது அந்த ஹெலிகாப்டர் வெறும் யந்திரம்தான், நாங்கள்தான் அதைக் கடலுக்குப் பழக்கினோம் என்று பெருமையாகச் சொல்வாய். கதவுப் பக்கம் இரும்புக் கம்பி இறக்குகிற உருளையை மாட்டி, கம்பி நுனியில் ஆளின் அக்குளுக்குக் கீழே போடுகிற வார் வளையத்தைக் கட்டினீர்கள். அந்தக் கம்பி முதலில் தண்ணீரைத் தொட வேண்டும். முதல் சோதனையில், கடலில் மிதந்துகொண்டிருந்த நீ அதற்கு முன்னால் பிடித்துவிட்டாய். பறக்கும்போது கம்பியில் சேர்ந்திருந்த மின்சாரம் உன்னைத் தூக்கி எறிந்தது. "செத்தேன்னுதான் நெனைச்சேன் ஏட்டி, பல்லெல்லாம் கிடுகிடுங்குது" என்று சொல்லிச் சிரித்தாய். ஆள் எடைக்கு மணல் மூட்டை கட்டித் தூக்கிப் பார்த்தீர்கள். பிறகு நீங்களே தொங்கிப் பார்த்தீர்கள். எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் ஒரு மீன்பிடி வள்ளம் கடலில் கவிழ்ந்தது. அதைச் சொன்ன அன்று நீ சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாயே தவிர, ஒரு வாய் உண்ணவில்லை.

"கதவுகிட்ட வந்துட்டாம்ட்டி அந்த மீன்காரன். நான் கைய நீட்டுதேன். அவன் என்னைய சாமியப் பார்க்க மாதிரி பார்த்தான். ரெண்டு கையையும் தலைக்குமேல தூக்கிக் கும்பிட்டான். வளையத்துக்குள்ள இருந்து அப்படியே வழுகிட்டான். கீழ தண்ணியா அது? அந்த உயரத்துக்குக் கருங்கல்லு. கழுத்து முறிஞ்சு மெதக்கான்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய்: "மணல் மூட்டை கும்பிடாதுல்லா. நாங்க யாருமே அத நெனைக்கலை."

அதற்குப் பிறகு கம்பியோடு நீயே இறங்கினாய். ஆளைப் பிடித்ததும் அவன் கை இரண்டையும் உடம்போடு சேர்த்து அமுக்குவாய். திமிறினால் முகத்தில் குத்துவாய். மூழ்குகிறவன் கடிப்பான், கண்ணைத் தோண்டுவான். உன் தோளில் ஒருத்தன் பல் பதிந்த தடம் இருந்தது. "காப்பாத்துனதுக்குக் கூலி" என்றாய்.

அந்த ஆடி மாதம் லீவில் வந்தவனை நான்தான் குற்றாலத்துக்கு இழுத்துப் போனேன். அருவி செக்கச் செவேலென்று கலங்கி விழுந்தது. மரக்கட்டை உருண்டு வந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு கரை ஏறினோம். பண்ணைவீட்டுப் பையன் ஒருத்தனை மட்டும் வெள்ளம் அடித்துப் போய்க் கீழே ஒரு பாறையில் ஒட்டவைத்தது. நம்மைவிட வசதியான வீடு, சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கரையில் நின்று கத்தினார்களே தவிர ஒருவனும் இறங்கவில்லை. நீ புளியறைக்குப் போகிற லாரி ஒன்றில் தார்ப்பாய் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து இறங்கினாய்.

அவன் அக்குளுக்குக் கீழே கயிற்றைச் சுற்றிக் கட்டி, அதே கயிற்றில் நீயும் தொற்றிக்கொண்டாய். மேலே இழுத்தார்கள். அவன் குளிக்கிறதுக்காக உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்திருந்தவன். பாதி தூரம் வந்ததும் கோயில் கோபுரம் கண்ணில் பட்டுவிட்டது. "குற்றாலநாதா!" என்று இரண்டு கையையும் தூக்கினான். கயிறு நெஞ்சிலிருந்து வழுக்கி மேலே ஏறியது. நீ ஒரு கையால் தொங்கிக்கொண்டு மறு கையால் அவன் மூக்கில் குத்தினாய். அவன் மறுபடி தூக்கினான். மறுபடி குத்தினாய். மூக்கு உடைந்து ரத்தம் உன் நெஞ்சில் வடிந்தது. "கையக் கீழ போடுலே! போடுலே!" என்று நீ கத்தியது அருவிச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அந்தரத்தில் தொங்குகிற தங்கள் பிள்ளையை ஒருத்தன் அடிக்கிறான் என்பதுதான்.

நீ கரையில் கால் வைக்கவில்லை, அதற்குள் விழுந்தது அடி. "எங்க பிள்ளைய சாவடிக்கவாலே கயித்துல எறங்குன, நாயே!" என்று அவன் பெரியப்பன் தடியை ஓங்கினான். நீ குப்புற விழுந்தாய். உன் வலக்கையைப் பாறைமேல் வைத்து முழங்கை முட்டியில் மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒரு கல்லை எடுத்துப் பெரியப்பன் நெற்றியில் போட்டேன். பிளந்துவிட்டது. சாகும்வரை அவன் விபூதிக்குக் கீழே அந்தத் தழும்பு இருந்தது. எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தமில்லை.

ஆனால் அவர்கள்மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. உயிரோடு வந்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கயிறு வழுக்கியது அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

நீ குடித்துவிட்டு வந்து அடித்தாய் என்று ஊர் பேசியது. மாவுக்கட்டோடு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பையன் ஒரு வாழைத்தாரோடு வந்தான். "கை கெடக்கட்டும் தம்பி, மூக்கு எப்படி இருக்கு?" என்று நீ கேட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்மூருப் பெரியகோயில் வாசல்ல நின்னு சொல்லுலே. இவுக அடிச்சதாலதான் நான் உசிரோட இருக்கேன்னு நாலு பேரு முன்னால சொல்லு."

"சொல்லலாம்... எங்க பெரியப்பா சங்கடப்படுவாவ" என்றான்.

வாழைத்தாரைச் சாக்கடையில் வீசினேன்.

முட்டி நிமிரவே இல்லை. பறக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். சாமான் கிட்டங்கியில் போர்வையும் பக்கெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை தந்தார்கள். ஹெலிகாப்டர் வேறொருத்தனை ஏற்றிக்கொண்டு பறந்தது. நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்திருப்பாய். அதை மட்டும் நீ எனக்குச் சொன்னதே இல்லை. கேட்டால், "ஒருத்தன் பொழைச்சுக் கெடக்காம்லா, விடுட்டி" என்பாய்.

நீ விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். நான் விடவில்லை. அந்த வீட்டிலிருந்து காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஆள் வரும். போன மாதம், நீ பிழைக்கவைத்தவனின் பேரன் பத்திரிகையோடு வந்தான். "தாத்தா உங்களக் கண்டிப்பா வரச் சொன்னாவ ஆச்சி" என்றான்.

"உங்க தாத்தாவ பெரியகோயில் வாசலுக்கு வரச் சொல்லு. நான் அங்கன வாறேன்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், நல்ல பிள்ளை. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். பத்திரிகையை வாங்கவில்லை.

நீ இருந்தால் என்னைத் திட்டியிருப்பாய். திட்டு. அவனுக்கு உயிரை நீ கொடுத்துவிட்டாய். அதற்குமேல் நம் வீட்டிலிருந்து அவனுக்கு எதுவும் போகாது.