அப்பா வீட்டு எழுத்து

சேசு மரி சூசை
ஒனிட்ஷா, நைஜீரியா, 8 பிப்ரவரி 1954

தம்பி எபனேசருக்கு அக்கா பெர்பெத்துவா எழுதுவது. உன் மனைவி மக்கள் சுகமென நம்புகிறேன்.

சனிக்கிழமை நம் ஊர்ச் சந்தையில் இறங்கிப் பயற்று வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாள், நான் எழுதிய முதல் வாசகப் புத்தகத்தின் பக்கம். ஆட்டுப் படத்தின் மேல் பனையெண்ணெய். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"உபதேசியாரு மூட்டையா குடுத்தாரும்மா. நல்ல கெட்டித் தாளு, சூடு தாங்குது. இன்னும் ரெண்டு போடவா?" என்றாள் வடைக்காரி.

அந்தப் புது எழுத்துப் புத்தகத்தை ஊர்ப் பள்ளியில் வைக்கலாமென்று பள்ளிக் குழு தீர்மானித்தது. உன் சபைக்கு உபதேசியாரான நீதான், குழுவின் செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு வாங்கினாய். பிறகு பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி வடைக்காரிக்குக் கொடுத்திருக்கிறாய்.

ஒரே இக்போ மொழியை உன் சபைப் பிள்ளை ஒரு விதமாகவும் எங்கள் கோவில் பிள்ளை வேறு விதமாகவும் எழுதுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் திணறுகிறார். இந்த வேலியைப் பிடுங்கத்தான் நான் வருடக்கணக்காக உழைத்தேன். மிச்சமிருக்கும் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடு.

அன்புள்ள அக்கா,
பெர்பெத்துவா

*

உமுனேகே, 15 பிப்ரவரி 1954

கர்த்தருக்குள் அக்காவுக்கு,

ஆம், நான்தான் கொடுத்தேன். வடை மடிக்கவாவது பயன்படட்டும்.

நம் அப்பா நரைத்த தலையோடு தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த வேதாகமம் எந்த எழுத்தில் இருக்கிறது? அதையா தப்பு என்கிறாய்? லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்தான், நாக்கை அளந்தான், புது எழுத்து கொடுத்தான். உங்கள் சாமியார்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் வேதாகமம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகட்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு. வேலியைப் பிடுங்குகிறாயாம்! நீ பிடுங்குவது எங்கள் பக்கத்துப் பயிரை.

புருஷனுக்காகக் கோவிலை மாற்றினாய். ஞானஸ்நானப் பெயரை மாற்றினாய். இப்போது ஊரே உன்னோடு சேர்ந்து மாற வேண்டுமா? ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ இந்த வீட்டு மகள் இல்லை. நம் அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை.

எபனேசர் ஒபியோரா

*

சே. ம. சூ.
ஒனிட்ஷா, 22 பிப்ரவரி

எபனேசருக்கு,

உன் கடிதத்தை ஓயிரிதியா அத்தையிடம் எடுத்துப் போனேன். நம் வம்சத்தில் பிறந்து பல ஊருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் தலைவி என்பது உனக்குத் தெரியும். கோபத்தில் மறந்துவிட்டாய்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"இத எந்த எழுத்துல எழுதிருக்கான்?"

"பழைய எழுத்துல, அத்தை."

"புது எழுத்துல எழுதியிருந்தா வேற மாதிரி கேக்குமோ?"

"கேக்காது. சத்தம் ஒண்ணுதான்."

"அப்ப உங்க எழுத்துச் சண்டைய நீங்களே வச்சுக்குங்க. பொறந்தவள இல்லேன்னு சொல்ல இவன் யாரு? இன்னிக்கு உன்னச் சொல்லுவான், நாளைக்கு என்னச் சொல்லுவான்."

வருகிற சந்தை நாளில் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் உன் முற்றத்துக்கு வருகிறார்கள்; நீ சொன்னதைத் திரும்பப் பெறும்வரை உன் சோற்றில்தான் இருப்பார்கள். கிழங்கு போதுமா என்று உன் மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

பெர்பெத்துவா

*

உமுனேகே, 3 மார்ச்

அக்கா,

உன் படை நேற்றுத்தான் எழுந்து போயிற்று. நான்கு நாள் முற்றத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். என் களஞ்சியத்தில் எலிக்கும் ஒன்றும் மிச்சமில்லை. உலர்ந்த மீனைக் குழம்பில் தேட வேண்டியிருக்கிறது என்று என் மனைவியைக் குறை வேறு சொன்னார்கள். என் மீசையை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள். அதை இப்போது தெருப் பிள்ளைகள் பாடுகின்றன.

அதில் பாதிப் பேர் என் சபைப் பெண்கள். ஞாயிறுதோறும் என் பிரசங்கம் கேட்பவர்கள். குருவானவர் சமாதானம் பேச வந்தார். "ஐயா, கோவில்ல நீங்க பேசுங்க, நாங்க கேக்குறோம். இது எங்க அப்பன் வீடு. நாங்க பேசுறோம், நீங்க கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் போய்விட்டார்.

அபராதமாக ஆடு கொடுத்தேன். முழங்காலில் நின்று, எல்லோரும் கேட்க, நீ இந்த வீட்டு மகள் என்று சொன்னேன். உனக்கு இப்போது குளிர்ந்திருக்கும்.

ஆனால் அவர்கள் திரும்பப் பெறச் சொன்னது வார்த்தையை மட்டும். புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கொடுக்கப் போவதில்லை.

எபனேசர்

*

சே. ம. சூ.
ஒனிட்ஷா, 16 மார்ச்

எபனேசருக்கு,

ஆடு எனக்கு எதற்கு? நான் கேட்டது புத்தகம்.

வாசகப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பேசும்படி குழுவுக்கும் கல்வி அதிகாரிக்கும் எழுதிவிட்டேன். கத்தோலிக்கத் தகப்பன்மார் ஐந்து பேர் குழுவில் இருக்கிறார்கள். நீ மறித்தால் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் வீம்பு பெரிதா, பள்ளி பெரிதா என்று பார்த்துவிடலாம்.

பெர்பெத்துவா

*

உமுனேகே ஊர்ப் பள்ளிக் குழு
3 ஏப்ரல் 1954

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

எவ்வகை எழுத்தாலும் தங்கள் மனம் புண்படாதிருக்க இக்கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது.

தங்கள் விண்ணப்பம் மார்ச் 31 கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அண்ணன் தங்கை, அக்கா தம்பி வழக்குகளுக்காகப் பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்று பெற்றோர் பலர் தெரிவித்தனர். பழைய எழுத்து, புதிய எழுத்து ஆகிய இரு வாசகப் புத்தகங்களும் நீக்கப்படுகின்றன. முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் மட்டும் கற்பிக்கப்படும். தாய்மொழிப் பாட நேரம் தோட்ட வேலைக்கு ஒதுக்கப்படுகிறது. இத்தீர்மானத்தைக் கத்தோலிக்கர் ஒருவர் முன்மொழிய, எங்கள் சபை மூப்பர் ஒருவர் வழிமொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

தங்கள் உண்மையுள்ள,
எ. ஒபியோரா
செயலாளர்

*

ஒனிட்ஷா, 12 ஏப்ரல்

எபனேசருக்கு,

உன் ஆங்கிலக் கடிதம் கிடைத்தது. நான் நம் மொழியில்தான் பதில் எழுதுகிறேன், என் எழுத்தில். வேண்டுமானால் வடைக்காரியிடம் கொடு.

ஒருமனதாக என்கிறாய். அப்படியென்றால் நீயும் கை தூக்கியிருக்கிறாய். என் எழுத்து பள்ளிக்குள் வராமலிருக்க அப்பாவின் எழுத்தையும் வெளியே தள்ளச் சம்மதித்திருக்கிறாய். முன்மொழிந்தவன் எங்கள் ஆள் என்றாய். அவனைக் குழுவில் கிளப்பிவிட்டவள் நான்தான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், எனக்குச் சலுகை வேண்டாம்.

இனி எழுதாதே. ஆங்கிலத்திலும் வேண்டாம். நீ சாகும்போது வருவேன். பிறந்த வீட்டு மகள் செய்ய வேண்டிய முறையைக் குறைவில்லாமல் செய்வேன். அதுவரை உன் முற்றத்தை மிதிக்க மாட்டேன்.

பெர்பெத்துவா