கழுவிய கற்கள்

வெள்ளிக்கிழமை, வவுனியா

ஏழு மீன்களும் செத்துவிட்டன. என் கணவர் இன்னும் முல்லைத்தீவிலிருந்து ஏற்றிவந்த கடல்தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை இந்தப் புது வீட்டுக்குக் குடிபுகுந்தோம். விறாந்தையில் வைப்பதற்கென்று பழையதைவிட மூன்று மடங்கு பெரிய மீன்தொட்டி வாங்கியிருந்தார். தண்ணீரின் உப்பைத் தானே அளந்து பார்த்தார். அதில் பிழையில்லை. பிறகு பழைய தொட்டியின் கற்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேங்காய்த் தும்பால் தேய்க்கத் தொடங்கினார்.

"கல்லைக் கழுவாதேங்கோ. மீன்ர கழிவைத் தின்னுற கிருமி அதிலதான் இருக்கு" என்றேன்.

"புது வீட்டுக்குள்ள ஊத்தையோட கொண்டு போறதோ? மீனுக்குத் தீன் போட்டாப்போல நீ டொக்டரோ?"

குடிபுகுதலுக்கு வந்திருந்த அவருடைய தங்கைமார் சிரித்தார்கள்.

நேற்றுக் காலை அவர் கடைக்குப் போனபின் சோதனைக்குழாயில் தொட்டித்தண்ணீர் எடுத்து மருந்துத்துளி விட்டுப் பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டியது கரும்பச்சையானது. கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு ஏறிவிட்டது. குசினிக்குப் பின்னால் கலன்களில் கடல்தண்ணீர் மிச்சம் இருந்தது. மாற்றியிருக்கலாம். நான் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

இன்று பின்னேரம் கடைசி மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார்.

"ஏனப்பா இப்பிடி நடந்தது?"

"எனக்கென்ன தெரியும்? நான் டொக்டரோ?"

அதைச் சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தச் சின்னச் செம்மஞ்சள் மீன் நேற்று மத்தியானமும் வந்தது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி, கண்ணாடியில் நான் விரல் வைத்த இடத்துக்கே வந்து நின்றது. தீன் போடப்போகிறேன் என்று நினைத்திருக்கும்.