கிலோவுக்கு இருபத்து நாலு கூட

மட்டாஞ்சேரி,
12.8.1987

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்வர்ணலதா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் இப்போது எப்படி இருக்கிறது? நான் சுகம்.

எங்கள் மிளகுக் கம்பெனியில் கணக்கெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். அதில் எழுத்தைக் கிலோபைட் என்று அளக்கிறார்கள். கிலோவுக்கு ஆயிரம் எழுத்து என்று கணக்குப் போட்டேன், உதைத்தது. மேனேஜர் வெங்கிடாசலம் சார் சிரித்தார்.

"இதுல கிலோன்னா ஆயிரத்து இருபத்து நாலாக்கும் மோளே."

நம் மண்டியில் கழிவுக்கென்று மூட்டைக்கு ஒரு கை மிளகாய் வற்றல் கூடப் போடுவீர்களே, அதுபோல என்று வைத்துக்கொண்டேன்.

நேற்று ஒரு வேடிக்கை. நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்த, ஒன்றும் எழுதாத புது ஃபிளாப்பித் தகட்டில் சரியாக ஒரு கிலோபைட் நிறைந்திருந்தது. சாவி என்னிடம்தான். திறந்து பார்த்தால் சொர்ணி, சொர்ணி என்று இங்கிலீஷில், இடைவெளியே இல்லாமல். நீங்கள் மட்டும் கூப்பிடும் பெயர். இங்கே யாருக்கும் தெரியாது. இங்கிலீஷில் ஐந்து எழுத்து என்பதால் ஆயிரத்தில் கச்சிதமாக முடிந்திருக்கும். முடியாமல் அந்த இருபத்து நாலிலும் கூப்பிட்டு, கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் நின்றிருக்கிறது. மெஷின் கோளாறு என்கிறார் சார். கவலைப்பட ஒன்றுமில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். இந்தத் தடவை அம்மா பதில் எழுத வேண்டாம். உங்கள் கையாலேயே ஒரு வரி போடுங்கள், அப்பா.

சொர்ணி